நெஞ்சில் பெட்டி இருந்தால் செக்ரோலில் பேர் இருக்கக் கூடாதா?



நம்ம நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. "நெஞ்சுக்குள்ள பெட்டி வச்ச ஆளுக்கு இனி மலையில வேலையில்ல. பேசாம வீட்டோட இருக்கட்டும்." பெரட்டுக்களத்தில் நிற்கிற உத்தியோகத்தர் இதைச் சொல்கிறார். லயத்து வாசலில் குந்தியிருக்கிற நம்ம சனமும் இதையேதான் சொல்கிறது. அவர் சொல்வது தோட்டத்துக்கு ஒரு பேரை மிச்சம் பிடிக்க. நம்மவர்கள் சொல்வது பயத்தில். இரண்டு பேச்சும் சேரும்போது, உயிர் பிழைத்து வந்த ஒரு தொழிலாளியின் பிழைப்பு போய்விடுகிறது.

இந்தப் பேச்சு வைத்தியப்படி பொய், சட்டப்படி செல்லாது. இரண்டையும் இங்கே விளக்குகிறோம். வாசித்துவிட்டு மடித்து வைக்காமல், பேஸ்மேக்கர் வைத்த ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள்.

பெட்டி எதற்கு?

ஒரு மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 72 தடவை அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் அடிக்கிறது. அந்த அடியைத் தொடக்கி வைப்பது இதயத்தின் உள்ளேயே உண்டாகிற ஒரு சிறு மின்சாரம். அது பிறக்கிற இடமோ, ஓடுகிற வழியோ பழுதாகிவிட்டால் அடி குறைகிறது. 72 இருக்க வேண்டியது 35க்கு இறங்கிவிட்டால் இதயம் அரைப் பேர்தான் போடுகிறது என்று அர்த்தம். மூளைக்கு இரத்தம் போதாமல் தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும், ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், நின்ற இடத்திலேயே ஆள் மயங்கி விழும்.

பேஸ்மேக்கர் என்பது தீப்பெட்டி அளவில், 20 முதல் 50 கிராம் வரை நிறையுள்ள ஒரு சிறு பெட்டி. பெரும்பாலும் இடது பக்கத்துக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி நரம்பு வழியாக இதயத்துக்குள் போகும். நெஞ்சைப் பிளக்கிற சத்திரசிகிச்சை இதற்குத் தேவையில்லை. பொதுவாக அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். இதயம் தானாக ஒழுங்காக அடிக்கும்போது பெட்டி சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடி தவறினால் மட்டும் தட்டிக் கொடுக்கும்.

அப்படியானால் பெட்டி வைத்த ஆள், வைப்பதற்கு முன்பு இருந்ததைவிடப் பலவீனமானவரா, பலமானவரா? முன்பு மலைச்சரிவில் எந்த நேரம் விழுவாரோ என்ற ஆள் அவர். அப்போது அவரை மலைக்கு அனுப்பினார்கள், கேள்வி கேட்கவில்லை. அந்த ஆபத்தைத் தீர்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது, "உனக்கு ஆபத்து, வேலை இல்லை" என்கிறார்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

உலகத்தில் முதன்முதலாக இந்தப் பெட்டியை உடம்புக்குள் வைத்துக்கொண்டவர் சுவீடன் நாட்டுக்காரரான ஆர்னே லார்சன். அது நடந்தது 1958 ஒக்டோபரில். அப்போது அவருக்கு வயது 43. நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். வைத்தியர்கள் தயங்கியபோது, அவருடைய மனைவி எல்ஸ்-மேரி விடாமல் போய்க் கேட்டு நெருக்கித்தான் ஓகே செனிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணரையும் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியியலாளரையும் இணங்க வைத்தார். முதல் பெட்டி சில மணித்தியாலம்தான் ஓடியது. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் அவருக்கு மாற்றப்பட்டன. லார்சன் இன்னும் 43 வருடம் வாழ்ந்து, 2001 இல் 86 வயதில் வேறு ஒரு நோயால் காலமானார். பெட்டியைச் செய்தவரும் அதை வைத்தவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

அறுபது வருடத்துக்கு முந்திய பெட்டியே அப்படி. இன்றைய பெட்டியின் பெட்டரி சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை ஓடும். அது திடீரென்று நிற்பதில்லை. முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கிளினிக் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆகவே ஆபத்து பெட்டியில் இல்லை. கிளினிக் போகாமல் விடுவதில்தான் இருக்கிறது. அதை யார் தடுக்கிறார்கள் என்று பிறகு பார்ப்போம்.

கையெழுத்துப் போடாதீர்கள்

முதலில் சட்டத்தைச் சொல்கிறோம். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், ஊழியர்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றியது. ஒழுக்காற்றுக் குற்றம் எதுவும் செய்யாத ஒரு தொழிலாளியை நிறுத்துவதானால், ஒன்றில் அந்தத் தொழிலாளியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. திரும்ப வேலைக்கு எடுக்கும்படி உத்தரவிட ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது. இதயத்தில் பெட்டி இருப்பது ஒழுக்காற்றுக் குற்றம் என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது.

இது தெரிந்த நிர்வாகம் நேரடியாக நிறுத்தாது. இரண்டு குறுக்கு வழி இருக்கிறது.

முதலாவது, கையெழுத்து. "பென்ஷன் காசு மாதிரி சேமலாப நிதியும் பணிக்கொடையும் சீக்கிரம் வரும், இதில் ஒரு கையெழுத்து வை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தாள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது சிங்களத்தில் இருக்கும். அதில் கையெழுத்து வைத்தால் நீங்களே விரும்பி விலகியதாக ஆகிவிடும். ஆணையாளரின் அனுமதி அதற்குப் பிறகு தேவைப்படாது. சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுடைய காசு. ஐந்து வருடம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. இவை யாரும் உங்களுக்குப் பார்த்துக் கொடுக்கிற இனாம் இல்லை. வேலையை விட்டுக்கொடுக்க அவற்றைக் கூலியாகக் காட்டுவது ஏமாற்று. வாசிக்கத் தெரியாத தாள் எதிலும், தோட்டத் தலைவர் பக்கத்தில் இல்லாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, நாளைக் குறைப்பது. தொடர்ந்த 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆகவே "இன்றைக்கு இலகு வேலை இல்லை, நாளைக்கு வா" என்று வாரம் இரண்டு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு வருடத்தில் ஆள் சட்டத்துக்கு வெளியே நிற்பார். வேலைக்கு வந்தும் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு நாளையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். திகதி, திருப்பி அனுப்பியவர், பார்த்த சாட்சி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதித் தரும். அந்தக் கொப்பி தொழில் திணைக்களத்தில் பேசும்.

"பெட்டி இருக்கிறதுதானே, செக்ரோல் வேண்டாம், கொஞ்சம் தேயிலையை வெளிவாரியாக எடுத்துப் பார், இஷ்டம்போல் வேலை செய்யலாம்" என்ற ஆசை வார்த்தைக்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். செக்ரோலில் இருந்து பேர் போனால் சேமலாப நிதியும் போகும், இந்தப் பாதுகாப்பும் போகும். வேலையோடு கட்டிப் போட்டிருக்கிற லயக் காம்பராவைப் பற்றியும் அடுத்த கேள்வி வரும். ஒரு ஆளின் பேரை வெட்டினால் ஒரு குடும்பத்தின் கூரைக்கே கேள்வி வருகிற இடம் தோட்டம்.

எந்த வேலை, எந்த வேலை இல்லை

நிர்வாகத்தின் வாதத்தில் உண்மை ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சில வேலைகள் பெட்டி வைத்தவருக்கு உண்மையிலேயே ஆகாது. ஆர்க் வெல்டிங் ஒன்று. இஸ்டோரில் தேயிலைத் தூளில் இருந்து இரும்பைப் பிரிக்கிற பலத்த காந்தத்துக்கு அருகே நிற்பது இன்னொன்று. மின்பிறப்பாக்கி, டிரான்ஸ்போமர் அறைகளும் அப்படித்தான். ஓடுகிற மரம் வெட்டும் மெஷினையோ புல்லு வெட்டும் மெஷினையோ நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் கூடாது. மருந்து டாங்கியைத் தோளில் மாட்டினால் பட்டி சரியாகப் பெட்டியின் மேல் உரசும். அதையும் தவிர்க்க வேண்டும்.

ஆனால் இந்தப் பட்டியலில் கொழுந்து எடுப்பது இல்லை. தவறணை வேலை இல்லை. பிள்ளைக் காம்பரா வேலை இல்லை. கொழுந்து மடுவத்தில் உதவுவது இல்லை. ஒரு தோட்டத்தில் நாலைந்து வேலை ஆகாது என்பதை எடுத்துக்காட்டி, நாற்பது வேலையையும் மறுப்பதுதான் அநியாயம். எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல வேண்டியவர் பெட்டியைப் பரிசோதிக்கிற இதய வைத்தியர். கண்டக்டர் ஐயாவும் இல்லை, துரையும் இல்லை. கிளினிக் போகும்போது "நான் இன்ன வேலை செய்கிறேன், இவ்வளவு நிறை தூக்குகிறேன், இவ்வளவு ஏற்றம் ஏறுகிறேன்" என்று வைத்தியரிடம் விளக்கி, எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். அதன் ஒரு பிரதி துரைக்கு, ஒன்று தோட்டத் தலைவருக்கு, மூலம் உங்கள் கையில்.

பெட்டி வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரம் மட்டும் கண்டிப்பு அதிகம். அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கம்பி இதயத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ள அந்தக் காலம் தேவை. அதற்காகக் கையைக் கட்டிப்போட்டது போல் அசைக்காமலே வைத்திருக்காதீர்கள், தோள் இறுகிவிடும். இந்த வாரங்களில் நிர்ணயக் கிலோ கேட்டு அரைப் பேர் போடுவது கொடுமை. அதன் பிறகு அநேகர் வழமையான வேலைக்குத் திரும்பலாம். இதயத்தில் வேறு நோயும் இருப்பவருக்கு வைத்தியர் வேறு அளவு சொல்வார்.

கிளினிக் நாளும் ஒரு பேர்

பெட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ பரிசோதிக்க வேண்டும். அதற்கான கருவி தோட்டத்து டிஸ்பென்சரியில் இல்லை. நம்ம பக்கத்தில் இருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று தாண்டிப் போக வேண்டும். விடியுமுன் லயத்தை விட்டு இறங்கி, இருட்டிய பிறகு ஏற வேண்டும். நோயாளி தனியாகப் போக முடியாது, கூட ஒருவர் வேண்டும். ஒரு பரிசோதனைக்கு இரண்டு பேரின் நாட்சம்பளம், இரண்டு பேரின் பஸ் காசு, வெளிச் சாப்பாடு. 2021 இல் 1,000 ரூபாவுக்கும் 2024 இல் 1,350 ரூபாவுக்கும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியும். அப்படி வாங்கிய சம்பளத்தில் இரண்டு நாளைப் பஸ்ஸில் விடுவதற்கு யாருக்கு மனசு வரும்? "நல்லாத்தானே இருக்கேன், அடுத்த தடவை போவோம்" என்று தள்ளிப் போடுகிறோம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

இங்கே நாம் பிச்சை கேட்கவில்லை. நோயாளித் தொழிலாளியின் வைத்தியத் தேவைக்குத் தோட்டம் பொறுப்பு என்பது 1912 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதப்பட்ட விஷயம். இந்த நாட்டுக்கு வருடம் நூறு கோடி டொலருக்கு மேல் தேயிலை கொண்டுவருகிறது. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக வைக்கப்படுகிற பெட்டி வெளிநாட்டில் இருந்து டொலர் கொடுத்து வாங்கியது. அந்த டொலரில் நம்ம விரல் பட்டிருக்கிறது. காசல்ரீயின் தண்ணீர் நம்ம ஊரில் இறங்கி, விமலசுரேந்திர மின்நிலையத்தில் 1965 முதல் நாட்டுக்கு 50 மெகாவாட் மின்சாரம் கொடுக்கிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற மலையில் வாழ்கிறவருக்குத் தன் நெஞ்சின் பெட்டரியைப் பரிசோதிக்க ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும் என்றால், அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் எழுத்தில் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

ஒன்று, கிளினிக் கார்டில் திகதி குறித்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும்.
இரண்டு, வைத்தியரின் கடிதப்படி வேலை கொடுக்க வேண்டும். முதல் ஆறு வாரத்துக்கு நிர்ணயக் கிலோ கேட்கக் கூடாது.
மூன்று, இரவில் ஆபத்து வந்தால் கொழுந்து லொறியைத் தேடி ஓடாதபடி, நோயாளியை ஏற்றத்தக்க வாகனம் ஒன்று எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும்.
நான்கு, இந்தியாவின் உதவியோடு 150 படுக்கையுடன் கட்டி 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் திறந்து வைத்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலேயே பேஸ்மேக்கர் பரிசோதனையை நடத்த ஒழுங்கு செய்யும்படி சுகாதார அமைச்சைச் சங்கம் கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் நாம். கட்டடத்தைப் பயன்படுத்தவும் திரள முடியும்.

செலவு தாங்க முடியாதவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் அதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

நம்ம வீட்டிலும் ஒரு சண்டை இருக்கிறது

நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான். பெட்டி வைத்த அம்மாவை மூலையில் உட்கார வைத்து, "அம்மா நடக்காதே, அம்மா சிரிக்காதே" என்று சொல்வது யார்? நாம்தான். மயங்கி விழுந்தவருக்குக் காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டி, ஆறு மாதம் வீணாக்குவதும் நாம்தான். மயக்கம் வந்தவரின் கை மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். அடி 50க்குக் கீழே என்றால் மந்திரிக்கிறவரைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி எடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டி வைத்தவர் நடக்க வேண்டும், சமைக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், கணவன் மனைவியாக வாழலாம். காயம் ஆறி, வைத்தியரும் சரி என்றால் சிவனொளிபாதம்கூட ஏறலாம். டிவி, ரேடியோ, மிக்சி, மைக்ரோவேவ் ஒன்றும் செய்யாது. கைத்தொலைபேசியைப் பெட்டிக்கு ஆறு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். நம்ம பெண்கள் மலையில் போனை இரவிக்கைக்குள் செருகுவது வழக்கம், அதை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு பையில் வையுங்கள். பேசும்போது மற்றப் பக்கத்துக் காதில் வையுங்கள். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து நிற்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது. உயர் மின்கம்பிக்குக் கீழே நடந்து போவதால் ஒன்றும் ஆகாது. கம்பிக்கு நேர் கீழே நாள் முழுவதும் வேலை என்றால் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி இருக்கிற இடத்தைத் தடவித் தடவித் திருப்பாதீர்கள். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பத்துப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய மயக்கம் திரும்ப வந்தாலும் அப்படித்தான். பெட்டி அடியைத்தான் சரி செய்கிறது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தந்த மாத்திரையை அது விழுங்காது, நீங்கள்தான் விழுங்க வேண்டும். கசிப்பையும் புகையிலையையும் பெட்டி மன்னிக்காது.

பெட்டி வைத்தபோது தந்த அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அந்த மனிதர் வயதாகி இறந்துவிட்டால், தகனம் செய்வதானால் பெட்டியை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லுங்கள். நெருப்பில் பெட்டரி வெடிக்கும்.

தோழர்களே! அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம டிவிஷனில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பேர் இன்னும் செக்ரோலில் இருக்கிறது? கடைசியாகக் கிளினிக் போனது எப்போது? யாரிடமாவது கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறதா? விபரத்தை எழுதி, தலைவர், தலைவி இருவரும் ஒப்பமிட்டுச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அந்தத் தொழிலாளியையும் கூடவே அழைத்து வாருங்கள்.

வேலை செய்யத்தான் அந்த இதயத்துக்குப் பெட்டி வைத்தார்கள். அந்த இதயம் இருக்கிற ஆளுக்கு வேலை கொடு என்று கேட்பது நம்ம சங்கத்தின் கடமை.